குறுக்கே ஒரு கோடு

மாங்கூழ் ஃபேக்டரி எடைமேடையில்
மானிட்டர் படுத்துவிட்டதென்று
சம்பங்கி போன் செய்தபோது மணி பதினொன்று.
போச்சம்பள்ளி ரோட்டில் முப்பது டிராக்டர்,
எல்லாம் பெங்களூரா,
எல்லாம் வெயிலில்.

திரையில் எண்கள் இல்லை.
நடுவில் ஒரேயொரு வெள்ளைக்கோடு.
எடை அதற்குள்தான் இருக்கிறது,
உயரம்தான் இல்லை.

"புதுசு ஒண்ணு வாங்கக் கூடாதா?"
"பழைய சாஃப்ட்வேர் புதுசுல ஏறாதாம்க்கா.
மேனேஜர் சொன்னாரு."

நாலு ஸ்குரூ.
ஐந்தாவது, ஸ்டிக்கருக்கு அடியில்.
பின்மூடியை உருவினால் பழவாடை,
பதினைந்து ஆனி மாதங்களின் தூசி,
பொரிந்துபோன பல்லிமுட்டை ஓடு,
இனிப்பைத் தேடி வந்து
வெளியே போக வழி தெரியாத எறும்புகள்.

கண்ணாடிக் குழாயின் தோளில் ரப்பர் தொப்பி.
அதற்குக் கீழே இருபத்தைந்தாயிரம் வோல்ட்.
பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரமாகிறது
என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.
இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
எர்த் ஒயர் சுற்றிய ஸ்குரூடிரைவரை
தொப்பிக்குள் நுழைத்தேன்.

டப்.

சம்பங்கி நாற்காலியோடு பின்னுக்குப் போனான்.
"போயிடுச்சாக்கா?"
"இரு."
ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வைத்தேன்.
சின்னதாக இன்னொரு டப்.
கண்ணாடி அப்படித்தான்.
இறங்கிவிட்டது என்று நாம் கை வைக்கும் நேரத்தில்
உள்ளே ஊறியதை
மெதுவாக மேலே கொண்டுவரும்.

வெர்டிகல் ஐசிக்கு ஏழு கால்.
நாலாவது காலைச் சுற்றி
முடியளவு வட்ட விரிசல்,
லென்ஸ் இல்லாமல் தெரியாது.
பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிது வைத்தேன்.
பக்கத்தில் தலை வீங்கிய கபாசிட்டர் ஒன்று,
அதையும் மாற்றினேன், கேட்காமல்.

மூடும் முன் திரையைத் துடைத்தேன்.
ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழ
அணைந்த கண்ணாடியில் எழுத்துகள்.
கரண்ட் இல்லை. பிளக் தரையில் கிடக்கிறது.
வருடக்கணக்காக ஒரே இடத்தில் நின்றது எதுவோ
அது பாஸ்பரைச் சுட்டுப்
பழுப்பாய்த் தங்கியிருக்கிறது.

மேலே கம்பெனி பெயர்.
வண்டி எண் இருக்கும் இடத்தில் வெறும் புகை.
மொத்த எடை, காலி எடை,
அங்கும் புகைதான்:
மாறிமாறி வந்தவை
ஒன்றையொன்று அழித்துவிட்டன.
அதற்கும் கீழே, கழிவு.
அதற்கு நேராக,
எவரும் படிக்கலாம் என்பதுபோல்
ஒரு எட்டு.

கேட்டருகே புங்கமரத்தில் அடித்த தகரப் பலகை,
வரும்போது பார்த்திருந்தேன்:
கழிவு 5 சதம்.

சம்பங்கியும் திரையைப் பார்த்தான்.
பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.
"நான் வந்து ரெண்டு வருஷம்தான்க்கா."
நான் எதுவும் கேட்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டேன்.
கோடு நடுங்கியது,
மேலும் கீழுமாய்ப் பிளந்தது,
எண்கள் எழுந்து நின்றன,
ஆனால் கொஞ்சம் குள்ளமாக.
எரியும் எட்டு
எரிந்த எட்டுக்கு ஒரு நூல் கீழே.
உயரத்தைச் சரிசெய்ய
வேறு அளவுகோல் எனக்கு இல்லை.
பின்னாலிருக்கும் குமிழைத் திருகித் திருகி
இரண்டு எட்டும் ஒன்றாகும்வரை ஏற்றினேன்.
கச்சிதம்.
என் வேலையில் எனக்கே பிடிக்காத கச்சிதம்.

பில்லில் எழுதினேன்:
சால்டரிங், கபாசிட்டர், நானூற்றைம்பது.
வேறு எதற்கும் அதில் கட்டம் இல்லை.

மேஜை ஒரு பக்கம் ஆடுகிறது என்றேன்.
ஆடவில்லை என்பது சம்பங்கிக்குத் தெரியும்.
மானிட்டரைத் தூக்கி
முகத்தை ஜன்னல் பக்கம் வைத்தேன்.
அவன் வாயைத் திறந்தான்,
மூடினான்,
தன் நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

முதல் டிராக்டர் மேடையில் ஏறியது.
சாலம்மா இறங்கினாள்,
முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி.
கரண்ட் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே
ஜன்னல் கம்பியைப் பிடித்து
உள்ளே
எட்டிப் பார்த்தாள்.